மரபணுச் சோதனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுப் பிறழ்வு இருக்கிறது. எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள், கவலையில்லைதானே? (செந்தூல்)

உண்டு. பிறழ்வு உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் மகன்களுக்கும் அதே கணக்குதான். முதலில் நீங்கள் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். சிறுவர்களை இப்போதே சோதிக்க வேண்டாம். வயது வந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் எச்சில் சோதனைப் பெட்டி வாங்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

இத்தகைய மரபணுச் சோதனைப் பெட்டிகளை விற்ற டுவென்டிதிரீ அண்ட் மீ நிறுவனத்தில் 2023-இல் சுமார் 70 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025-இல் அது திவாலுக்கு விண்ணப்பித்தது. நீங்கள் அனுப்பும் எச்சிலில் உங்கள் உடன்பிறந்தாரின் மரபணுவிலும் பாதியளவு இருக்கிறது. அவர்களைக் கேட்டீர்களா?

கேள்வி: தம்பிக்குப் பார்த்த பெண்ணுக்குத் தலசீமியா மைனராம். அறிக்கையை இணைத்துள்ளேன். சம்பந்தத்தை நிறுத்திவிடலாமா? (பட்டர்வொர்த்)

நீங்கள் புலனத்தில் அனுப்பிய படத்தில் அந்தப் பெண்ணின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அப்படியே தெரிகின்றன. ஹீமோகுளோபின் அளவை யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறார்கள். படத்தை அழித்துவிட்டேன், நீங்களும் அழியுங்கள். பிறருடைய அறிக்கையை அனுப்பாதீர்கள் என்று இப்பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பியின் அறிக்கை எங்கே? மைனர் என்பது நோயன்று. பிறழ்ந்த மரபணு ஒன்றைச் சுமப்பவர் என்பதே அதன் பொருள். தம்பி சுமப்பவர் இல்லையென்றால் பிள்ளைகளுக்குக் கடும் இரத்தசோகை நோயான தலசீமியா மேஜர் வராது. இருவரும் சுமப்பவர் என்றால்தான் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. தம்பிக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் வேண்டும். மலேசியாவில் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாறுபட்ட வகை பரவலாக உண்டு, பீட்டா வகைத் தலசீமியாவோடு சேர்ந்தால் அதுவும் நோயாகும். 2016-இல் நான்காம் படிவ (16 வயது) மாணவர்களுக்கு அரசு தலசீமியா சோதனையைத் தொடங்கியது, பிள்ளைகள் தம் உடலைத் தாமே அறிந்து, துணையோடு உட்கார்ந்து முடிவெடுப்பதற்காக. பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாக வைத்துப் பெண் வீட்டாரை மட்டும் விசாரிப்பதற்கன்று. மாப்பிள்ளையின் அறிக்கையை யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்குப் பல ஆண்டு மன வருத்தம். இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேசையில் வையுங்கள், ஆலோசகர் முன்னிலையில். இருவரும் சுமப்பவரே என்றாலும் கருவிலேயே கண்டறியும் வழிகள் உள்ளன. மணப்பதா வேண்டாமா என்பதை அவ்விருவரே சொல்ல வேண்டும், அண்ணன் அல்லர்.

கேள்வி: தாய்மாமனை மணக்கச் சட்டம் இடம்தருகிறதே, பிறகென்ன தடை? (சுங்கை பட்டாணி)

மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் தாய்மாமனை மணக்க இந்துக்களுக்கு விதிவிலக்கு அளிப்பது உண்மை. சட்டம் அனுமதிப்பதால், இரத்த உறவினர் இருவரிடமும் மறைந்திருக்கக்கூடிய ஒரே பிறழ்வு மறைந்துபோகாது. ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் தொடர்பான என் பிறழ்வைத் தங்கைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மருத்துவரே சொல்லிவிடுவாரா? (பாயான் லெப்பாஸ்)

உங்கள் சம்மதமின்றிச் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் இந்தச் செய்தியால் உங்கள் தங்கைகள் முன்கூட்டியே மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள முடியும். நேரில் பேச முடியவில்லையென்றால் ஆலோசகரிடம் குடும்பத்தாருக்கான கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி, இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.