‘சி’ சான்றிதழ் இருந்தால் ராணுவ அதிகாரி வேலை நிச்சயமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. முதலாண்டு படிக்கிறாள், என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். ‘சி’ சான்றிதழ் வாங்கினால் நேரடியாக ராணுவ அதிகாரி ஆகலாம் என்று ஒரு பயிற்சி மையம் இப்போதே முன்பணம் கேட்கிறது. கட்டலாமா? படிப்பு கெடுமா?

பதில்: கட்டாதீர்கள். ‘சி’ சான்றிதழ் வேலை தராது, எழுத்துத் தேர்வை மட்டும் மிச்சப்படுத்தும். பட்டப்படிப்பில் 50 சதவீதம், ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு, வயது 19 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். அதிலும் மதிப்பெண் பார்த்து வடிகட்டித்தான் எஸ்.எஸ்.பி.க்கு, அதாவது ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்கு, கூப்பிடுவார்கள். ஆகவே படிப்பை விட்டால் இதுவும் போச்சு.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளே பாதிக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புவது சகஜம். அதைத் தாண்டி, மருத்துவப் பரிசோதனையும் தேறி, தகுதிப் பட்டியலில் இடமும் கிடைத்தால் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் (ஓ.டி.ஏ.) 49 வாரப் பயிற்சி. இதில் எந்தக் கட்டத்திலும் ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்பவர் உங்கள் பணத்துக்குத்தான் ஆள். விண்ணப்பம் ராணுவத்தின் இணையதளத்தில், கட்டணம் கிடையாது. ‘கோட்டாவில் சீட் பிடித்துத் தருகிறோம்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழ் இல்லாமலும் ஒரு வழி உண்டு. இதை வைத்துத்தான் நிறையப் பேரைக் குழப்புகிறார்கள். போரில் உயிரிழந்த, காயமடைந்த, காணாமல் போன ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு ‘சி’ சான்றிதழ் வேண்டாம். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆனால் அவர்களுக்கும் 50 சதவீதம் வேண்டும், எஸ்.எஸ்.பி. உண்டு. அப்பா இருபது வருடம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பது இதில் சேராது. மாமா ராணுவத்தில் இருந்தார் என்பதும் சேராது. ‘எக்ஸ் சர்வீஸ்மேன் வாரிசு, உங்களுக்கு இது பொருந்தும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் மகள் செய்ய வேண்டியது அணிவகுப்புக்கு ஒழுங்காகப் போவதுதான். வருகை 75 சதவீதம் இல்லையென்றால் சான்றிதழ்த் தேர்வு எழுத விடமாட்டார்கள். ‘பி’ சான்றிதழ் முடித்தால்தான் ‘சி’. அதற்கு முகாம்களும் வேண்டும். முகாம் தேதியும் செமஸ்டர் தேர்வும் மோதும். கல்லூரியும் என்.சி.சி. அலுவலகமும் ஒரே காலண்டரை எடுத்து வைத்துப் பேசினால் தீர்கிற விஷயம். பேசமாட்டார்கள், அலைவது பிள்ளைகள். அதனால் தேதி அறிவித்த அன்றே ஏ.என்.ஓ.விடமும் (கல்லூரியில் என்.சி.சி.யைக் கவனிக்கும் ஆசிரியர்) துறைத்தலைவரிடமும் எழுத்தில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். என்.சி.சி.யில் சேர்ந்ததால் ராணுவத்துக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம், என்.சி.சி. சேர்க்கைப் படிவத்தில் பெயர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அங்கே இனிஷியல், இங்கே அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். ‘சி’ சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்த அலைந்தால், விண்ணப்பத்தின் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.