எங்கள் இருவருக்கும் இல்லாத மரபணு மாற்றம் மகளுக்கு எப்படி வந்தது?

கேள்வி: எனக்கு வயது 31, கணவருக்கு 42. எங்கள் ஏழு மாத மகளுக்கு ‘அகாண்ட்ரோபிளேசியா’ என்னும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் அது இல்லை, இரு குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டேன். அதனாலா? மரபணு மாற்றம் இவ்வளவு சாதாரணமாக வருமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். இந்த மாற்றம் அநேகமாக எப்போதும் விந்தணு உருவாகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. நீங்கள் கருவுறுவதற்கு முன்பே நடந்ததை எந்த மாத்திரையும் செய்திருக்க முடியாது.

மாற்றம் வருவது சாதாரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், மிகச் சாதாரணம். பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மாற்றங்களோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. நீங்களும் அப்படித்தான் பிறந்தீர்கள், நானும் அப்படித்தான். அப்பாவிடமிருந்து 300 கோடி, அம்மாவிடமிருந்து 300 கோடி என்று ஒரு செல்லுக்குள் சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும் நொதி தப்பாக ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால், தானே ஓர் அடி பின்வாங்கி அதை வெட்டிவிட்டுச் சரியானதை வைக்கும். அதன் கண்ணுக்கும் தப்பியதைப் பிடிக்கப் பின்னாலேயே வேறு புரதங்கள் வரும். செல் தன் டிஎன்ஏவை இப்படிப் பழுதுபார்க்கும் முறைகளை விளக்கியதற்காகத்தான் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சஞ்சார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை காவலையும் தாண்டி ஒன்றிரண்டு தப்பிவிடும். அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பாதிப்பும் தராத இடங்களில் விழுகின்றன. ஏனென்றால், புரதம் செய்வதற்கான குறிப்புகள் மொத்த எழுத்துகளில் 2 சதவீதம்கூட இல்லை.

உங்கள் மகளுக்கு அது விழுந்த இடம் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்னும் மரபணு. எலும்பு நீளமாக வளர்வதற்கு பிரேக் போடுவது அதன் வேலை. பெரும்பாலும் ‘ஜி’ என்ற எழுத்து இருக்க வேண்டிய ஒரே ஓர் இடத்தில் ‘ஏ’ வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பிரேக் அழுத்தியபடியே நின்றுவிடும், கைகால் எலும்புகள் குட்டையாகிவிடும். இந்தக் குறைபாட்டோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் சுமார் எட்டுப் பேருக்குப் பெற்றோர் உங்களைப் போலச் சராசரி உயரமுள்ளவர்கள்தான்.

கணவரின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. பெண்ணின் கருமுட்டைக்கான செல்கள், அவள் பிறப்பதற்கு முன்பே பெருகி முடித்துவிடும். விந்தணுவைத் தரும் செல்களோ வாலிப வயதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 23 முறை பிரிந்துகொண்டே இருக்கும். அப்பாவின் வயது ஓர் ஆண்டு கூடினால் குழந்தைக்கு ஒன்று அல்லது இரண்டு புதிய மாற்றங்கள் கூடும். தயவுசெய்து இதை வைத்து அவர்மேல் பழி போடாதீர்கள். 25 வயது அப்பாவுக்கும் இதே எழுத்து மாறலாம்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்ற உறுத்தலும் வேண்டாம். ஆறாவது மாதத்துக்கு முன் இது பெரும்பாலும் கண்ணில் படாது.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பூஜ்யம் என்று நான் சொல்லாததற்குக் காரணம், விந்தகத்தில் ஒரு சில செல்கள் மட்டும் இந்த மாற்றத்தைச் சுமந்திருக்கக்கூடும். மரபணு ஆலோசகரை ஒருமுறை பாருங்கள். மாறிய எழுத்து எது என்று தெரிந்திருப்பதால், விரும்பினால் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ சோதித்துப் பார்க்கலாம். மகள் வளர்ந்து தாயாகும்போது, அவள் குழந்தைக்கு இது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு.

அப்புறம், இப்போது மகளைக் கவனியுங்கள். முதுகுக்குத் துணையில்லாமல் அவளை அவசரப்பட்டு உட்கார வைக்க வேண்டாம், முதுகெலும்பு வளையும். தலைச் சுற்றளவை ஒவ்வொரு முறையும் மருத்துவர் அளக்கட்டும். தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துவாரம் இந்தக் குழந்தைகளுக்குச் சிறியதாக இருக்கும், அங்கே நெருக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.