அம்மா இறங்கும்போது யார் சிரித்தது?

கேள்வி: வயது 48. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். மனைவி, 13 வயதிலும் 8 வயதிலும் இரண்டு மகள்கள், அப்பா போன பிறகு ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா (74). பழைய டொயோட்டா வெர்சோவைக் கொடுத்துவிட்டு, நெடுநாள் ஆசையான கிராண்ட் டூரர் (தூரப் பயணத்துக்கான இரண்டு கதவு சொகுசுக் கார்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கிறேன். கையில் 25,000 பவுண்டு. பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, மசெராட்டி கிரான்டூரிஸ்மோ, ஆஸ்டன் மார்ட்டின் டிபி9, இந்த மூன்றில் பின் சீட்டு உண்மையிலேயே பயன்படுவது எது? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் பென்ட்லியை ஓட்டிப் பார்த்தோம். அம்மாவையும் பின்னால் ஏற்றினோம். இறங்கும்போது மாட்டிக்கொண்டார், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. மற்றபடி வண்டி அருமை. இப்போது முழங்கால் வலி என்று அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட வருவதில்லை, அதனால் பின் சீட்டு பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். எதை வாங்கலாம்?
– ஹாரோ வாசகர்

பதில்: தம்பி, எஞ்சின் சத்தத்தைப் பற்றியும் தோல் வாசனையைப் பற்றியும் பின் சீட்டு அளவுகளைப் பற்றியும் நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஒரே ஒரு வரியை மட்டும் நீங்கள் எழுதியபடியே விட்டு வைத்திருக்கிறேன். "இறங்கும்போது மாட்டிக்கொண்டார், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு." அந்த எல்லோரில் உங்கள் அம்மா உண்டா?

இரண்டு கதவு வண்டியின் பின் சீட்டிலிருந்து இறங்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் ஓட்டுநர் சீட்டில் இருந்தீர்கள். முதலில் முன்னால் இருப்பவர் இறங்க வேண்டும். சீட்டின் முதுகை மடக்கினால் அது மோட்டாரில் மெதுவாக, மிக மெதுவாக முன்னால் நகரும். அதற்குள் நண்பரும் பிள்ளைகளும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் தாழ்ந்த கூரைக்குத் தலையைக் குனிந்து, சீட் பெல்ட் காலில் சிக்காமல், ஒரு காலை வெளியே வைத்து, பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாமல், முழு உடம்பையும் அந்த ஒரே முழங்காலில் தூக்க வேண்டும். 74 வயதில், புடவையோடு. மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்?

அது போன மாதம். அடுத்த வரியிலேயே "இப்போது" கோயிலுக்கு வருவதில்லை என்கிறீர்கள். முழங்கால் வலி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இல்லையா? இருந்திருக்கும். அப்போதெல்லாம் ஈலிங் அம்மன் கோயிலுக்கு எதில் போனார்? வெர்சோவில். அதன் சீட்டு இடுப்பு உயரம். பின்பக்கமாக உட்கார்ந்து, காலைத் திருப்பி உள்ளே வைத்தால் தீர்ந்தது. அந்த வண்டியைத்தான் விற்கப் போகிறீர்கள், அது அவருக்கும் தெரியும். மகன் ஆசைப்பட்ட காருக்குத் தான் தடையாக இருக்கக் கூடாது என்று நம் அம்மாக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "எனக்கு முடியலப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அதை நீங்கள் மருத்துவக் காரணமாக எடுத்துக்கொண்டு பின் சீட்டுக் கணக்கிலிருந்து அவரைக் கழித்துவிட்டீர்கள்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதில் நானும் ஒரு இரண்டு கதவு வண்டி வாங்கினேன். என் மாமியார் அதில் ஏறியது ஒரே ஒரு தடவை. அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் அடுப்பில் ஏதோ இருந்தது, யாரோ போன் செய்வதாக இருந்தது. நாலு வருஷம் அந்த வண்டியை வைத்திருந்தேன். எனக்கு உறைக்கவே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள், மனைவி, இரண்டு மகள்கள், அம்மா. ஐந்து பேர். நீங்கள் கேட்ட மூன்று வண்டியிலும் நாலே சீட்டு. பின் சீட்டு அகலமா, தலை இடிக்குமா என்று டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிற மனிதர், ஆளை எண்ணவில்லை! (மனைவி என்ன சொன்னார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

கேட்டதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் கிரான் டூரிஸ்மோ என்று பேர் வைத்ததே இரண்டு பேர் பெட்டியோடு ஏறி ஒரே மூச்சில் நாடு தாண்டிப் போகத்தான். பின் சீட்டு அப்புறம் ஒட்டிக்கொண்டது. இந்த வகை வண்டிகளை 2+2 என்பார்கள். நாலு என்று சொல்ல செய்தவர்களுக்கே மனசு வரவில்லை, நடுவில் ஒரு கூட்டல் குறியைப் போட்டுவிட்டார்கள். டிபி9 அழகு, மறுக்கவில்லை, ஆனால் பின்னால் இருப்பது தோல் தைத்த அலமாரி. கோட்டு வைக்கலாம். கான்டினென்டல் ஜிடி பரவாயில்லை, உங்கள் மூத்தவள் ஒரு மணி நேரம் முணுமுணுக்காமல் வருவாள். மூன்றில் பெரியவர்கள் நிஜமாகவே உட்காரக்கூடியது 2007-ல் வந்த மசெராட்டிதான், பின்னால் ஒழுங்கான இரண்டு சீட்டு. அதன் டிக்கியில் உங்கள் குடும்பத்துப் பெட்டிகள் கொள்ளாது என்பது வேறு. இளையவளுக்கு 12 வயது ஆகும் வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வளரும் வரை, பிள்ளைகளுக்கான சீட்டு வைத்தே ஆக வேண்டும், சட்டம். அதையும் அதே இடுக்கு வழியாகத்தான் நுழைக்க வேண்டும். இங்கே ஒரு பார்க்கிங் கட்டம் வழக்கமாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ஜிடியே 4.8 மீட்டர் நீளம், பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டால் 1.9 மீட்டருக்கு மேல் அகலம், கதவோ சாதாரணக் காரை விட நீளம். சூப்பர் மார்க்கெட்டில் அந்தக் கதவை முழுசாகத் திறக்கவே முடியாது.

ஆசைப்படுவதைத் தப்பு என்று சொல்லவில்லை. உழைத்தவர், வாங்குங்கள். ஆனால் அது உங்கள் ஒருவருடைய ஆசை என்றால் அப்படியே வீட்டில் சொல்லுங்கள், வெர்சோவை விற்காதீர்கள், ஜிடியை ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிவிட்டு வாருங்கள், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. வீட்டுக் காரை விற்று வாங்குகிற ஒரே வண்டிக்கு "பின் சீட்டு பயன்படுமா" என்று என்னிடம் கேட்பது, மனசாட்சிக்குக் காட்ட ஒரு ரசீது வாங்குகிற வேலை. அதை நான் எழுதித் தர மாட்டேன்.

ஒரே கார்தான் என்றால் என் பதில், 2005-ல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஃப்ளையிங் ஸ்பர். ஜிடியில் நீங்கள் மயங்கிய அதே 6 லிட்டர், 12 சிலிண்டர் டபிள்யூ12 எஞ்சின், அதே 552 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. ஆனால் நாலு கதவு, இரண்டு அச்சுக்கும் நடுவே 3 மீட்டருக்கு மேல் இடம். செடான்தானே என்று முகம் சுளிக்காதீர்கள். முகம் சுளிக்கிறவர்கள் நிறைய இருப்பதால்தான் உங்கள் பணத்துக்குள் கிடைக்கிறது. நாலு சீட்டிலும் வந்தது, ஐந்திலும் வந்தது, அதனால் பின்னால் மூன்று பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். இதே மாதிரி மற்ற நாலு கதவு வண்டிகளில் போர்ஷே பனமேரா நல்ல வண்டி. முதல் தலைமுறையில் பின்னால் இரண்டே தனிச் சீட்டு, அதுவும் தாழ்வு. நாலு கதவு இருக்கிறதே என்று ஆஸ்டன் மார்ட்டின் ராபீட் பக்கம் போக வேண்டாம், கதவும் குறுகல், இடமும் குறுகல். பிஎம்டபிள்யூ 6 கிரான் கூப்பேயில் ஐந்தாவது ஆளுக்கு ஒரு பெல்ட் உண்டு, மரியாதை கிடையாது.

முழுப் பணத்தையும் வண்டியில் போடாதீர்கள். 19,000, 20,000-க்குப் பார்த்து 5,000-ஐத் தொடாமல் வையுங்கள். புதிதில் லட்சம் பவுண்டுக்கு மேல் போன வண்டி, இன்று என்ன விலைக்குக் கிடைத்தாலும் உதிரி பாகமும் மெக்கானிக் கூலியும் அந்தப் பழைய விலையில்தான் பேசும். எஞ்சின் அறையில் விரல் நுழைய இடமில்லை, பல வேலைகளுக்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். ஏர் சஸ்பென்ஷனை (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளை) பார்க்க ஒரு வழி, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பார்ப்பது. ஒரு மூலை தணிந்திருந்தால் விலையைக்கூடக் கேட்காமல் திரும்பிவிடுங்கள். நாலு டயரும் நாலு கம்பெனி என்றால், முந்தைய சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எவ்வளவு செலவு செய்திருப்பார் என்று யோசியுங்கள். நம்பரைப் போட்டால் பழைய எம்ஓடி (வருஷாந்திர வண்டிச் சோதனை) முடிவெல்லாம் அரசாங்க இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் மைல் ஏறியிருக்கிறதா என்று அதில் பாருங்கள். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதைக் காசு கொடுத்தாவது பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு தேதி. 2006 மார்ச் 23-க்கு முன்னால் பதிவான வண்டிக்கு ரோடு டாக்ஸ், எவ்வளவு புகை விட்டாலும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகு பதிவான இதே வண்டிக்கு வருஷம் 700 பவுண்டைத் தாண்டுகிறது. ஒரே மாடல், ஒரு வாரம் முன்னே பின்னே, வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு வித்தியாசம். யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிக்கு லண்டனில் போடும் கட்டணம்) 2023 ஆகஸ்ட் 29 முதல் உங்கள் ஹாரோவுக்கும் வந்துவிட்டது, தேறாத வண்டியை எடுத்த நாளுக்கெல்லாம் 12.50 பவுண்டு. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இருந்தால் தப்பிக்கும். பழசு என்பதால் ஊகிக்க வேண்டாம், அதையும் நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி பார்க்கப் போகிற சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிப் போங்கள். "நீ பாத்தா சரிதாம்பா" என்பார், விடாதீர்கள். விற்பவர் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் பின் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அம்மா தானாக ஏறட்டும், கொஞ்ச நேரம் உட்காரட்டும், தானாக இறங்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். பிள்ளைகளிடம் கிளம்புவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.