கேள்வி – பதில்: கொழுப்பு ஈரலுக்கு எந்த ஸ்கேன்?

கேள்வி: எனக்கு வயது 54. செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். பத்தாண்டுகளாக இனிப்புநீர் உண்டு. அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. சி.டி. எடுக்கச் சொல்கிறார் நண்பர், எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது என்கிறார் அக்காள் மகன். எதை எடுப்பது? ரத்தப் பரிசோதனை முடிவை இணைத்துள்ளேன்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: விலை கூடிய கருவி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கொழுப்பு இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட் ஏற்கெனவே சொல்லிவிட்டது. இனி அறிய வேண்டியது, அந்தக் கொழுப்பினால் ஈரலில் தழும்பு விழுந்து அது இறுகத் தொடங்கியிருக்கிறதா என்பதுதான். ஈரல் சுருங்கி மேடுபள்ளமாகிவிட்ட முற்றிய நிலையைத் தவிர, தொடக்கத் தழும்பை அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ நம்பகமாகக் காட்டுவதில்லை, சி.டி.யில் கதிர்வீச்சு வேறு.

ஸ்கேனுக்கு முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயது 54-ஐ, முடிவில் உள்ள ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதியின் அளவான 38-ஆல் பெருக்கினால் 2052. ரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை 210, ஏ.எல்.டி. என்ற மற்றோர் ஈரல் நொதி 49, அதன் வர்க்கமூலம் 7. 210-ஐ 7-ஆல் பெருக்கினால் 1470. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.4 வரும். 'ஃபிப்-4' எனப்படும் இந்தக் கணக்கு 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. உங்களுடையது சற்றே மேலே நிற்பதால், அடுத்துச் செய்ய வேண்டியது, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்.

மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால், விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்துப் பத்து முறை அளப்பார்கள். விரலால் சுண்டுவதுபோல் இருக்கும், வலிக்காது. அந்தத் தட்டலால் எழும் அலை இறுகிய ஈரலில் வேகமாக ஓடும் என்பதே அளவின் அடிப்படை. இறுக்கத்தின் அளவு 8 கிலோபாஸ்கலுக்குக் (இறுக்கத்தைச் சொல்லும் அலகு) கீழே வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இது ஒத்துவராது. உடல் பருத்தவர்களுக்குப் பெரிய முனை தேவைப்படும்.

அக்காள் மகன் சொன்னதும் தவறன்று. கொழுப்பின் அளவைத் துல்லியமாகச் சொல்வதில் எம்.ஆர்.ஐ.க்கு இணையில்லை, ஈரலில் கட்டி தென்பட்டால் அதுவோ சாயம் ஏற்றிய சி.டி.யோ வேண்டியிருக்கும். இப்போது உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கிளினிக் மருத்துவரிடம் கேட்டால், ஈப்போவிலோ வேறெங்கோ கருவி உள்ள இடத்திற்குக் கடிதம் எழுதித் தருவார். சோதனைக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது, ஏனெனில் உணவு உண்டதும் ஈரலுக்கு ரத்தம் கூடிப் பாய்ந்து அளவு பொய்யாக உயரும். வழியில் ஒரு தே தாரிக் கூட வேண்டாம். இனிப்புநீர் மருந்தை அன்று எப்போது எடுப்பது என்பதை முன்னரே கேட்டுக்கொண்டு, பசியாறுவதற்கான பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோய்ச் சோதனை முடிந்ததும் சாப்பிடுங்கள்.