உருளல் கடைசியில்தான்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

எனக்கு ஊர் களுவாஞ்சிகுடி. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கபடி. இப்போது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நோ-கி ஜியு-ஜிட்சு, அதாவது கி எனும் தடித்த சட்டை இல்லாமல் தரையில் கட்டிப்புரண்டு ஆடும் முறை, பழகுகிறோம். முறையாகக் கற்றுத்தர ஆள் இல்லை. கொழும்பில் கொஞ்சக் காலம் வகுப்புக்குப் போன கூட்டாளி ஒருவன் காட்டித் தந்ததும் வீடியோக்களும்தான்.

எதிராளி ஆமை மாதிரிக் குறண்டிக் கிடக்கும்போது அவன் மேலால் உருண்டு முதுகைப் பிடிக்கும் முறை இருக்கிறதே, ரோலிங் பேக் டேக், அதில்தான் சிக்கல். பெரும்பாலும் நான் மட்டும் உருண்டுபோய் மல்லாந்து கிடக்கிறேன். அவன் கிறுகி என் மேலே ஏறிவிடுகிறான். போன கிழமை கழுத்தும் பிடித்துக்கொண்டது. எனக்கு வேகம் போதாதா? வியர்வையில் பிடி வழுக்குவதற்கு என்ன செய்வது? கல்லடிக் கடற்கரை மணலில் பழகினால் பாதுகாப்பா? பெரிம்போலோவும் இதுவும் ஒன்றா?

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

முதலில் கழுத்து. தலையை இரண்டு பக்கமும் வலியில்லாமல் முழுதாகத் திருப்ப முடியும்வரை உருளவே வேண்டாம். கை விறைப்பது, தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் ஓடினாற்போல் கூசுவது, பிடியில் பலம் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டிவிடுங்கள். எண்ணெய் தேய்த்துச் சொடக்கு எடுக்கிற வேலை இதில் கூடாது.

வேகம் போதாதா என்று கேட்கிறீர்கள். உங்களிடம் வேகம் கூடிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வேகமாக உருளும்போது எங்கே தொடர்பு அறுந்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போகிறது. இந்த முறையில் உருளல் என்பது கடைசி வேலை. அதற்கு முன்பே எதிராளியின் உடலும் உங்களுடைய உடலும் மூன்று இடங்களில் ஒட்டியிருக்க வேண்டும்: அவர் முதுகில் உங்கள் நெஞ்சு, அவர் தொடையில் உங்கள் கால் கொழுக்கி (கொழுக்கிபோல் மடக்கிய பாதம்), அவர் ஊன்றப்போகும் கையில் உங்கள் பிடி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் தனியே உருளுவீர்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். மறுபக்கத்துக்கு இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் முழங்காலும் முழங்கையும் ஊன்றிக் குறண்டிக் கிடக்கிறார். நீங்கள் அவருடைய இடது இடுப்புக்குப் பின்னால், நெஞ்சை அவர் முதுகில் வைத்து இருக்கிறீர்கள். உங்கள் இடது கை அவரது இடது தோளுக்கு மேலால் வரட்டும். வலது கை அவரது வலது கமக்கட்டுக்குக் கீழால் நுழைந்து வரட்டும். இரண்டும் அவர் நெஞ்சில் சந்திப்பதுதான் சீட்பெல்ட் பிடி. சட்டையைப் பிடிக்க வழியில்லாத நோ-கியில் இந்தப் பிடியின் அருமையை உலகத்துக்குக் காட்டியவர்களில் பிரேசில் வீரர் மார்செலோ கார்சியா முதன்மையானவர். ஏடிசிசி எனும் உலக அளவிலான நோ-கி போட்டியில் 2003, 2005, 2007, 2011 என நான்கு முறை தன் எடைப்பிரிவில் வென்றவர். அவருடைய ஆட்டங்களைப் பார்க்கும்போது கைகளை விட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள். எதிராளி எந்தப் பக்கம் புரண்டாலும் அந்த நெஞ்சுக்கும் முதுகுக்கும் இடையில் காற்றுப் புகாது.

இனிக் கொழுக்கி. அவரது இடது முழங்கைக்கும் இடது முழங்காலுக்கும் நடுவே உங்கள் இடது பாதம் நுழைய வேண்டும். தெரிந்த ஆட்டக்காரர் அந்த இடைவெளியை மூடித்தான் வைத்திருப்பார். பாதத்தால் இடித்துத் திறக்கப் பார்க்காதீர்கள். சீட்பெல்ட்டோடு சேர்த்து அவரை முன்னுக்கு ஒரு தள்ளு தள்ளி, உடனே உங்கள் இடுப்பைப் பின்னுக்கு எடுத்து அவரையும் இழுங்கள். முன்னுக்குப் போகும்போது அவர் கையை ஊன்றுவார், இழுக்கும்போது முழங்கை முழங்காலை விட்டுப் பிரியும். அந்த நொடியில் பாதம் உள்ளே போய்விட வேண்டும். உள்ளே போனதும் கணுக்காலை மடக்கி, பெருவிரலை உங்கள் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். பாதம் தளர்ந்து நீண்டு கிடந்தால் அது கொழுக்கி அல்ல, வியர்வையில் சும்மா உருவிக்கொண்டு வந்துவிடும். உங்கள் பாதத்தின் மேற்பக்கம் அவரது இடது தொடையின் உட்புறத்தில், இடுப்பை ஒட்டியே இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் பக்கம் கொழுவிக்கொண்டு உருண்டால் அந்த முறுக்கு முழுவதும் அவர் முழங்கால் மூட்டுக்குப் போகும். உங்களோடு பழகுகிறவர்கள் நாலைந்து பேர்தான். ஒருவர் முழங்கால் போனால் மாதக்கணக்கில் உங்கள் பயிற்சியும் நின்றுபோகும்.

மூன்றாவது, அவரது வலது கை. பலரும் விடுகிற இடம் இதுதான், உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்களும் இங்கேதான் விடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் உருளப்போவது அவருடைய வலப்பக்கமாக. அந்தப் பக்கம் கையை ஊன்றிவிட்டால் அவர் ஏன் உருள வேண்டும்? நீங்கள் போவீர்கள், அவர் அங்கேயே நின்று, கிறுகி உங்கள் மேல் ஏறுவார். ஆகவே கமக்கட்டுக்குக் கீழால் போன உங்கள் வலது கை, உருளுவதற்கு முன் அவரது வலது மணிக்கட்டைப் பிடித்து அவர் வயிற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பெருவிரலும் நான்கு விரல்களும் ஒரே பக்கமாகப் போய்க் கொழுவுகிற பிடிதான் வியர்வைக்குத் தாங்கும். கபடியில் கணுக்காலை அள்ளிப் பிடித்துப் பழகிய கைக்கு முழுக் கையாலும் சுற்றி நெரிக்கத்தான் வரும். அது சீக்கிரம் களைத்து வழுக்கும்.

இப்போது உருளலாம். வலது முழங்காலை நிலத்திலிருந்து எடுத்து விரல்களில் நில்லுங்கள். உங்கள் பாரம் அவரது வலது தோள்பட்டைக்கு மேலே வரட்டும். தலை அவரது வலது தோளைத் தாண்டி வெளியே போகட்டும். நாடியை (முகவாயை) இடது தோளுக்கு மடக்கி, உங்கள் இடது கமக்கட்டைப் பாருங்கள். மெத்தையில் முதலில் படவேண்டியது வலது தோளின் பின்பக்கம். உச்சந்தலை மெத்தையைத் தொடவே கூடாது. தோளிலிருந்து முதுகின் குறுக்கே இடது இடுப்பை நோக்கி உருளுகிறீர்கள். ஜூடோவில் முதல் நாளே பழக்குகிற முன் உருளலும் இதே கோடுதான். உங்கள் கழுத்து பிடித்துக்கொண்டதற்குக் காரணம், நேர் முன்னுக்குக் குத்துக்கரணம் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் உங்கள் பாரத்தோடு அவருடைய பாரமும் சேர்ந்து கழுத்து எலும்பில் இறங்கும்.

தோள் மெத்தையில் பட்ட அதே நேரம் இடது கால் கொழுக்கி கூரையை நோக்கி எழ வேண்டும். அவருடைய இடது இடுப்பு மேலே போகும், ஊன்றக் கையில்லாத வலது தோள் கீழே இறங்கும், அவர் புரண்டு உங்கள் நெஞ்சின் மேல் மல்லாந்து வருவார். அவரைக் கைகளால் இழுத்துக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், தூக்குகிற வேலை காலுக்கும் இடுப்புக்கும் உரியது. அவர் புரளும்போது வலது இடுப்பு ஒரு கணம் பாரமில்லாமல் இருக்கும். வலது கொழுக்கி அப்போதே உள்ளே போய்விட வேண்டும். பிறகு இடப்பக்கமாகச் சாயுங்கள். தோளுக்கு மேலால் வந்த கை கழுத்துக்குப் போகிற கை, அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அவர் தப்புவது கடினம். ஜியு-ஜிட்சுப் போட்டிகளை நடத்தும் சர்வதேச சம்மேளனமான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி இரண்டு கொழுக்கியும் போட்டு 3 விநாடி நிலைத்தால்தான் 4 புள்ளி. கால்களை முக்கோணமாக உடம்பில் பூட்டினால் கட்டுப்பாடு நன்றாக இருக்கும், ஆனால் அங்கே அதற்குப் புள்ளி இல்லை.

பழகும் விதத்தைச் சொல்கிறேன், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பாதி உருளல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஒட்டுகளையும் சரிபார்த்து, மெதுவாக வலது தோளை மெத்தையில் வையுங்கள், அங்கேயே நில்லுங்கள். இப்போது கொழுக்கியை மட்டும் உயர்த்துங்கள். பார்த்துக்கொண்டிருக்கிற மூன்றாம் ஆள் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: கீழே கிடப்பவரின் இடது முழங்கால் மெத்தையை விட்டு எழும்பியதா? எழும்பினால் உங்கள் உருளல் வேலை செய்யும், திரும்பி வந்து மறுபடி செய்யுங்கள். எழும்பவில்லை என்றால் முழுதாக உருண்டு பயனில்லை. ஒன்று கொழுக்கி மேலோட்டமாக இருக்கும், இல்லாவிட்டால் நீங்கள் தோளை வைக்கும்போது நெஞ்சு அவர் முதுகை விட்டுப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான். தோளை அவரிடமிருந்து தூரத்தில் போய் வைக்கிறீர்கள் என்று பொருள். அவரது வலது காதுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இப்படிப் பக்கத்துக்கு 10 பாதி உருளல், பிறகுதான் முழு உருளல். அதுவும் முதலில் கீழே இருப்பவர் நாடியை மடக்கி, கையை ஊன்றாமல் ஒத்துழைக்க வேண்டும். ஊன்றிய கை உருளலில் மாட்டிக்கொண்டால் முழங்கையும் தோளும் போகும், இதை அவருக்கும் சொல்லி வையுங்கள். இது சரளமான பிறகு, ஒரு கொழுக்கி போட்ட நிலையிலிருந்து தொடங்கி 2 நிமிடச் சுற்றுகளாக எதிர்ப்போடு ஆடுங்கள்.

எதிர்ப்பு வந்ததும் எப்போது உருளக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். அவர் குப்புறப் படுத்துவிட்டால் உருள வேண்டாம். இரண்டு கொழுக்கியையும் போட்டு இடுப்பை அழுத்துங்கள், முதுகை அவரே தந்துவிட்டார். இடது பிட்டத்தில் இருக்கப் பார்த்தால் அவரோடு சேர்ந்து பின்னுக்கு இருந்து, உங்கள் மடியில் இருத்தி முதுகைப் பிடியுங்கள். உண்மையில் இப்படி இருத்தி எடுப்பதைத்தான் புதியவர்கள் முதலில் கற்க வேண்டும், உருளல் அதற்குப் பிறகு. நீங்கள் அவர் தலைப்பக்கம் அதிகம் ஏறிவிட்டால் அவர் தோளைத் தாழ்த்தி உங்களை முன்னுக்குக் கொட்டிவிடுவார். அவர் முழங்காலை எடுத்து எழும்பி நின்றுவிட்டால், அந்த உயரத்திலிருந்து உருளுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உருளலுக்கு ஏற்ற நேரம் ஒன்றுதான்: ஒரு கொழுக்கி உள்ளே இருக்கிறது, இரண்டாவதை உள்ளே விடாமல் அவர் வலது முழங்கையையும் முழங்காலையும் இறுக்கிக்கொண்டு இடுப்பை உயர்த்தி வைத்திருக்கிறார். அந்த இறுக்கமே அவரைப் பந்தாக்கி உங்களோடு புரட்டும்.

உருண்டும் அவர் வராவிட்டால் மல்லாந்து கிடந்து யோசிக்காதீர்கள். கொழுக்கி போட்ட கால் இன்னும் அவருக்கும் உங்களுக்கும் நடுவேதான் இருக்கும். அந்த முழங்காலை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்து, மற்றக் காலால் அவரது ஒரு காலைப் பூட்டி வையுங்கள்; அரைக் கார்டு என்பது இந்த நிலைதான். இதையும் உருளலோடு சேர்த்தே பழகுங்கள்.

வீடியோக்களில் ட்ரக் என்று ஒரு நிலையைப் பார்த்திருப்பீர்கள். அது இதற்குத் தம்பி முறை. அங்கே சீட்பெல்ட் இல்லை. அவரது ஒரு காலை உங்கள் இரண்டு கால்களாலும் பூட்டி, உருண்டு, மற்றக் காலைக் கைகளால் பிடிப்பீர்கள். பள்ளி மல்யுத்தத்திலிருந்து அதை ஜியு-ஜிட்சுவுக்குக் கொண்டுவந்து பரப்பியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் எடி பிராவோ. அங்கிருந்து வரும் ட்விஸ்டர் பூட்டால் கொரிய வீரர் ஜங் சான்-சங் 2011 இல் லெனர்ட் கார்சியாவைப் பணியவைத்தார், யூஎஃப்சி எனும் கலப்புச் சண்டைப் போட்டிகளில் அதுவே முதல் ட்விஸ்டர். ஆனால் அது முள்ளந்தண்டை முறுக்குகிற பூட்டு, ஐபிஜேஜேஎஃப் போட்டிகளில் தடை. ட்ரக்கைப் பழகுங்கள், ட்விஸ்டரைக் கற்றுத்தர ஆள் இல்லாத உங்கள் குழுவில் தொடவேண்டாம்.

வியர்வைக்கு வருவோம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் பக்கத்தில் பின்னேரம் 4 மணிக்குப் பழகினால் எந்தப் பிடியும் நிற்காது. 6 மணிக்குப் பிறகு தொடங்குங்கள். உடம்போடு ஒட்டுகிற நீண்ட கைச் சட்டையான ராஷ்காட்டும் கணுக்கால்வரை இறுக்கமான காற்சட்டையான ஸ்பாட்ஸும் போட்டால் வெறும் தோலைவிட உராய்வு கூடும், கொழுக்கியும் நிற்கும். சுற்றுக்குச் சுற்று முன்கையையும் பாதத்தின் மேற்பக்கத்தையும் துவாயால் துடையுங்கள். மெத்தையைத் துடைத்துக் காயவிடுங்கள், இந்த ஈரப்பதத்தில் படர்தாமரை ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். யாருக்காவது வட்டமாகத் தடித்துச் சொறிந்தால் அவர் ஆறும்வரை மெத்தைக்கு வரக்கூடாது.

கல்லடி மணல் வேண்டாம். மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். காய்ந்த மணலில் தோள் புதைந்து நின்றுவிடும், உடம்பு மட்டும் மேலால் போகும், நடுவில் முறுகுவது கழுத்துத்தான். அலை நனைத்த மணல் சீமெந்துத் தரைபோல இறுகியிருக்கும். ஓடுவதற்கும் ஆளைத் தூக்கி நடப்பதற்கும் கடற்கரை நல்ல இடம். உருளலுக்கு 40 மில்லிமீற்றர் ஜூடோ மெத்தை வேண்டும். பிள்ளைகள் விளையாடும் மெல்லிய நுரைத் துண்டுகளைச் சீமெந்துத் தரையில் பொருத்திவிட்டு உருளாதீர்கள். வசதியில்லையென்றால் நல்ல மெத்தை கிடைக்கும்வரை பாதி உருளலோடு நில்லுங்கள்.

பெரிம்போலோ வேறு. அதில் நீங்கள் கீழே, கார்டில் (கால்களால் அவரைத் தடுக்கிற நிலையில்) இருந்துகொண்டு, அவரது காலைச் சுற்றித் தலைகீழாகச் சுழன்று முதுகுக்குப் போகிறீர்கள். தோளில் உருண்டு பழகிய உடம்புக்கு அது பிறகு இலகுவாக வரும், ஆகவே அவசரம் இல்லை.

கழுத்து சுகமானதும் பாதி உருளலை வீடியோ எடுத்து அனுப்புங்கள். கைபேசியை மெத்தை உயரத்தில், வலது தோள் விழுகிற பக்கமாக வையுங்கள். மேலே நின்று எடுத்தால் உங்கள் தலை எங்கே படுகிறது என்பதும் அவர் முழங்கால் எழும்பியதா என்பதும் எனக்குத் தெரியாது.

அன்புடன்.