பேரவையை நேரில் பார்க்க ஆசையா? பட்ஜெட் நாளில் மட்டும் போகாதீர்கள்

கும்பகோணத்தில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "இத்தனை வருடமாகப் பேப்பரில் 'அவையில் அமளி, வெளிநடப்பு' என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒருநாளாவது கோட்டைக்குப் போய் சட்டப்பேரவையை நேரில் பார்க்க வேண்டும். கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கும் பேத்தியும் வருகிறேன் என்கிறாள். அனுமதிச் சீட்டு யாரிடம் வாங்குவது? எந்த நாள் போகலாம்? போய் உட்கார்ந்தால் நமக்கு ஏதாவது புரியுமா?" என்று கேட்கிறார்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு வருவதற்கு முன் சீட்டு விஷயத்தை முடித்துவிடலாம்.

பேரவைக்குள் வெளியாட்களை அனுமதிப்பது பேரவைத் தலைவரின் அதிகாரம். நடைமுறையில் நமக்கு எளிய வழி சொந்தத் தொகுதி எம்.எல்.ஏ. அவர் எந்தக் கட்சியாக இருந்தால் என்ன, நீங்கள் அவருக்கு ஓட்டுப் போடாதவராகவே இருந்தால்தான் என்ன, தொகுதிக்காரர் என்ற உரிமையில் கேட்கலாம். தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போய், இரண்டு பேரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், போக விரும்பும் தேதி எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். போனில் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்பதோடு நின்றுவிடும். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவையின் பார்வையாளர் மாடத்தில் இருந்து இரண்டு பேர் குதித்து வண்ணப் புகை பரப்பினார்களே, அவர்கள் உள்ளே வந்தது ஒரு எம்.பி. அலுவலகம் வழியாக வாங்கிய சீட்டில்தான். அதற்கப்புறம் முகம் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போட எந்த உறுப்பினரும் யோசிக்கத்தான் செய்வார். பேத்திக்கு இன்னொரு வழியும் உண்டு. கல்லூரியில் இருந்து பேரவைச் செயலகத்துக்குக் கடிதம் எழுதி, மாணவர்கள் குழுவாக வந்து பார்ப்பது வழக்கம்தான். துறைத் தலைவரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

தேதி கேட்கும்போது ஒன்றுக்கு மூன்றாகக் கேளுங்கள். மறைந்த முக்கியப் பிரமுகருக்கு இரங்கல் தெரிவித்து அவை அன்றே ஒத்திவைக்கப்படலாம். கூட்டத்தொடரின் முதல் நாள் பல சமயம் இப்படித்தான் முடியும், அதனால் அந்த நாள் வேண்டாம். முந்தைய நாள் இரவு நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

சரி, எந்த நாள்? ஆண்டின் முதல் கூட்டத்தொடர் ஆளுநர் உரையுடன் தொடங்கும், அரசமைப்புச் சட்டத்தின் 176-வது பிரிவு சொல்வது அது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பட்ஜெட். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட். அதன் பிறகு பல நாட்கள் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கான பணத்துக்கு அவையின் ஒப்புதல் கேட்பது. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி விழக் கூடாது என்பதால், ஆண்டின் பிற்பகுதியில் சில நாட்கள் மட்டும் ஒரு குறுகிய கூட்டம். எல்லோரும் பட்ஜெட் நாளுக்கே சீட்டுக் கேட்பார்கள். அன்று கேள்வி நேரம் கிடையாது. நிதியமைச்சர் இரண்டு மணி நேரம் போல வாசிப்பார், அவை கலையும். வீட்டில் டிவியில் பார்ப்பதைவிட அதிகமாக அங்கே ஒன்றும் கிடைக்காது.

நான் சொல்வது, மானியக் கோரிக்கை நாள். அதிலும் உங்களுக்குத் தெரிந்த துறையின் நாள். உங்களுக்கு என்றால் கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை வரும் நாள். பேரவையில் பாதிக்கு மேல் புரியாமல் போவதற்குக் காரணம் சத்தமோ சட்ட மொழியோ இல்லை, பேசப்படும் விஷயம் நமக்குத் தெரியாதிருப்பதுதான். பயிர்க்கடன் எப்படிக் கொடுக்கப்படுகிறது, நகைக்கடன் எங்கே சிக்குகிறது என்று வேலையில் இருந்தபோதே பார்த்தவர் நீங்கள். அமைச்சர் சொல்லும் பதிலில் எது கனமானது, எது காற்று என்று எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு துறையும் அந்த விவாதத்துக்காகக் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடும். தமிழக அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். அந்த வருடத்துப் புத்தகம் விவாத நாளில்தான் வரும் என்பதால், போன வருடத்தையதை பேத்தியை இறக்கித் தரச் சொல்லிப் படித்துவிட்டு வாருங்கள். போன வருடம் சொன்னதில் எது நடந்தது என்று கேட்கத் தோன்றிவிட்டால் பாதி நாள் புரிந்த மாதிரி.

மானியக் கோரிக்கை எப்போதும் மார்ச், ஏப்ரலில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-ல் மக்களவைத் தேர்தல் வந்ததால் அது ஜூனுக்குப் போனது. சட்டப்பேரவைத் தேர்தல் வரும் ஆண்டில் முதலில் இடைக்கால பட்ஜெட்தான், விவரமான விவாதம் புது அரசு வந்த பிறகே.

அன்று காலை சீக்கிரம் போய்ச் சேருங்கள். அவை பெரும்பாலும் 9.30 அல்லது 10 மணிக்குக் கூடும். புறநகர் ரயிலில் வந்தால் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். போன், பை, கேமரா எதுவும் மாடத்துக்குள் வராது. முழக்கம் அச்சிட்ட சட்டை, கட்சிச் சின்னம் போட்ட துண்டு வேண்டாம். கைதட்டக் கூடாது, எழுந்து நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. குறிப்பெடுக்கலாமா என்று காவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் நேரம் போட்டிருந்தால் அந்த நேரத்துக்குத்தான் இடம்.

பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைச் சொல்லி, பொருளும் சொல்லித் தொடங்குவார். அவருக்கு வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம், என் கணக்கில் அன்றைய நாளின் சிறந்த பகுதி. பட்டியலில் இருக்கும் கேள்விக்கு அமைச்சர் முதலில் படிக்கும் பதில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது, அதை அவ்வளவு கவனிக்க வேண்டாம். பிறகு உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்பார் பாருங்கள், அங்கேதான் அமைச்சருக்குத் துறை தெரியுமா தெரியாதா என்பது வெளிச்சமாகும். தெரிந்தவர் ஊர்ப் பெயரோடு பதில் சொல்வார். தெரியாதவர் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்புவார், அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்து சேரும்.

பதில்களுக்கென்று சில வழக்கமான சொற்கள் உண்டு. "அரசின் பரிசீலனையில் இல்லை" என்றால் கறாராக இல்லை. "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த வருடம் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். "நடப்பு ஆண்டிலேயே" என்று சொல்லிவிட்டால் மட்டும் சம்பந்தப்பட்ட எம்.எல்.ஏ. முகம் மலரும். பொழுது போகாவிட்டால் எது எத்தனை முறை வருகிறது என்று பேத்தி எண்ணட்டும்.

கேள்வி நேரம் முடிந்ததும்தான் பெரும்பாலும் சத்தம் கிளம்பும். அவசரப் பிரச்சினையை எழுப்ப எதிர்க்கட்சித் தலைவர் அனுமதி கேட்பார், கவன ஈர்ப்புத் தீர்மானங்கள் வரும், அனுமதி மறுத்தால் முழக்கம், வெளிநடப்பு. கேள்வி நேரத்தை 2022 ஜனவரி முதல் நேரலையில் காட்டுகிறார்கள். ஆனால் நேரலையில் வருவது மைக்கில் பேசுபவரின் குரலும் முகமும்தான். அவர் பேசும்போது எதிர்வரிசை என்ன முணுமுணுக்கிறது, கட்சி உறுப்பினர்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கொறடா யாரைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கை காட்டுகிறார், சண்டை போட்ட இருவர் ஐந்து நிமிடம் கழித்து எப்படிச் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் மாடத்தில் உட்கார்ந்தால் மட்டுமே தெரியும். இத்தனை தூரம் வருவதற்கு இதுதான் காரணம்.

வெளிநடப்பு நடந்ததும் நீங்களும் எழுந்து போய்விடாதீர்கள். பலரும் அந்தத் தவறைச் செய்கிறார்கள். வெளியே போனவர்கள் செய்தியாளர்களிடம் பேசிவிட்டு அநேகமாகத் திரும்பி வருவார்கள். அதன்பின் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் இருக்கைகள் காலியாகக் கிடக்கலாம். 234 பேர் கொண்ட அவையில் 24 பேர் இருந்தால் போதும், கூட்டம் சட்டப்படி செல்லும். பின்வரிசை உறுப்பினர்கள் தங்கள் கட்சித் தலைவரைப் புகழ்ந்து முடித்துவிட்டு மெல்லத் தொகுதிப் பிரச்சினைக்கு வருவார்கள். புகழ்ச்சியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம் இல்லாதது போன்ற விவரங்கள் அதன் பின்னால்தான் வரும். கடைசியில் அமைச்சரின் பதிலுரையும் புதிய அறிவிப்புகளும். பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு அவை முடிந்துவிடும், வேலை மிகுந்தால் நீளும்.

நடுவில் முதலமைச்சர் எழுந்து "விதி 110-ன் கீழ்" என்று தொடங்கினால் நிமிர்ந்து உட்காருங்கள். பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் பேரவைத் தலைவரின் இசைவோடு அறிக்கை வாசிக்க அமைச்சர்களுக்கு இடம் தரும் விதி அது. அதன் மீது அப்போது விவாதம் கிடையாது. உங்கள் துறையின் இரண்டு பெரிய செய்திகள் இப்படித்தான் வந்தன. 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியை அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியை அறிவித்தார். ஆட்சி மாறினாலும் விதி 110 மீதுள்ள பிரியம் மாறவில்லை. கேள்வி கேட்க முடியாத இடத்தில் பெரிய அறிவிப்புகளை வைப்பது எனக்கு உவப்பானதில்லை. மேசை தட்டும் ஓசையைக் கேட்டால் உறுப்பினர்களுக்கு அப்படித் தோன்றுவதாகத் தெரியாது.

ஓட்டெடுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். மானியக் கோரிக்கையும் சட்டமுன்வடிவும் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் சில விநாடிகளில் நிறைவேறிவிடும். எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு அபூர்வம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள், 122-க்கு 11. அந்த மாதிரி நாள் வேண்டும் என்று திட்டமிட்டு வர முடியாது.

வெளியே வந்த பிறகு நேரம் இருந்தால் கோட்டை வளாகத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயமும் பக்கத்தில்தான்.

பேத்தி இதைக் கல்லூரியில் கட்டுரையாக எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பேரவைத் தலைவர் "அவைக்குறிப்பில் இருந்து நீக்கப்படுகிறது" என்று சொன்ன பேச்சை மேற்கோளாகப் போட வேண்டாம். பாட்னா பத்திரிகை ஒன்று 1957-ல் அப்படி நீக்கப்பட்ட பேச்சை அச்சிட்டது அவையின் உரிமையை மீறிய பிரச்சினையாகி உச்ச நீதிமன்றம் வரை போனது, பத்திரிகை ஆசிரியர் தோற்றார். அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகள் பேரவையின் இணையதளத்தில் வரும். காத்திருந்து அதில் இருப்பதை மட்டும் எடுத்து எழுதச் சொல்லுங்கள்.