கேள்வி – பதில்: பள்ளி மூடலில் விட்டுப்போன படிப்பும் பிள்ளைகளைப் பற்றிய பதிவுகளும்

கேள்வி: என் மகன் 2020 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தவன். அந்த ஆண்டு முழுவதும் அவன் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். மதிப்பெண் அட்டையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ்ப் பாடத்தில் நான்கு வரியை நிறுத்தாமல் வாசிக்க அவனுக்கு வரவில்லை. பள்ளியில் கேட்டால், "எல்லா விவரமும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில்) பதிவாகியிருக்கிறது, அம்மா" என்கிறார்கள். பதிவாகி என்ன பயன்?
— ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. ஒரு பிள்ளையைப் பற்றி எடுத்த விவரம் அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் கைக்கு, அவர் அதைப் பயன்படுத்தக்கூடிய காலத்திற்குள், திரும்பி வர வேண்டும். அப்படி வராத விவரத்தால் உங்கள் மகனுக்குப் பயன் எதுவும் இல்லை.

முதலில் உங்கள் மகனுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. எழுத்தை அறிமுகம் செய்து கொள்ள வேண்டிய முதல் வகுப்பு முழுவதையும், இரண்டாம் வகுப்பின் பெரும்பகுதியையும் இழந்துவிட்டுத்தான் அவன் வகுப்பறைக்குள் நுழைந்தான். அவனுக்குக் கொடுக்கப்பட்ட பாடநூலோ, முதல் வகுப்பைப் படித்து முடித்த குழந்தைக்கென எழுதப்பட்டது. அன்று விட்டுப்போனதை யாரும் தனியே எடுத்துச் சொல்லித் தரவில்லை என்றால், ஒவ்வோர் ஆண்டும் பாடம் மேலே போக, அவனுக்கும் பாடத்துக்கும் உள்ள இடைவெளி அகன்றுகொண்டே வந்திருக்கும். இதில் அவனுடைய அறிவுக்குறை எதுவும் இல்லை என்பதை அவனிடமே சொல்லுங்கள். பல பிள்ளைகள் தம்மை மக்கு என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

மதிப்பெண் அட்டையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதும் பழக்கமும், வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்யும் பழக்கமும் ஒரு பிள்ளையைப் பல தேர்வுகளில் கரையேற்றிவிடும். ஆகவே வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவன் இதுவரை பார்த்திராத, இரண்டாம் வகுப்புத் தரத்திலான ஒரு சிறு கதையைக் கொடுத்து, அருகில் அமர்ந்து, திருத்தாமல் கேளுங்கள். கதை வரவில்லையெனில் ஒரு பத்தி, பத்தி வரவில்லையெனில் தனிச் சொற்கள், அதுவும் வரவில்லையெனில் எழுத்துகள் என்று இறங்கி வாருங்கள். நாடெங்கும் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் 'அசர்' ஆய்விலும் வாசிப்பை ஏறத்தாழ இப்படித்தான், ஒரு நேரத்தில் ஒரு குழந்தையை மட்டும் அருகில் வைத்துக்கொண்டு, வாய்மொழியாகச் சோதிக்கிறார்கள்.

அவன் வாசிக்கும்போது எங்கே தடுமாறுகிறான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் அ முதல் ஃ வரை ஒப்பிக்கும் பிள்ளைகூட, ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்தறியாமல் 'கெடு' என்பதற்கும் 'கேடு' என்பதற்கும் இடையே நின்றுவிடுவதுண்டு. சிலர் மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனிக்காமல் 'பட்டம்' என்பதைப் 'படடம்' என்று இழுப்பார்கள். சிலருக்கு எழுத்தெல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துபோகும். இந்த மூவரும் மதிப்பெண் பட்டியலில் ஒரே இடத்தில் இருப்பார்கள். ஆனால் முதலாமவனுக்கு உயிர்மெய்க் குறியீடுகளையும், இரண்டாமவனுக்குப் புள்ளியையும், மூன்றாமவனுக்குத் தினமும் சத்தம் போட்டு வாசிக்கும் பயிற்சியையும் தர வேண்டும். அந்தக் குறிப்புத் தாளுடன் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். தமிழக அரசு 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு, அடிப்படைத் திறனில் பின்தங்கியவர்களுக்கென்றே 'திறன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அதற்கான தொடக்க மதிப்பீட்டில் உங்கள் மகன் எந்நிலையில் இருந்தான், அதன்பின் என்ன பயிற்சி தரப்படுகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: அசர் அறிக்கையின்படி பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையைத் தாண்டிவிட்டதாகச் செய்தி படித்தேன். அப்படியானால் கற்றல் இழப்பைப் பற்றி இன்னும் ஏன் பேசிக்கொண்டிருக்க வேண்டும்?
— ஒரு தந்தை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் படித்த செய்தி சரிதான், ஆனால் அந்த எண் யாரைப் பற்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 2018இல் 20.9 விழுக்காடு, 2022இல் அது 16.3ஆகச் சரிந்து, 2024இல் 23.4ஆக உயர்ந்தது. 2024இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள், பள்ளிகள் திறந்த பிறகு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2022இல் சரிவைக் காட்டிய பிள்ளைகள் இவர்கள் அல்லர். அந்தப் பழைய அணி இப்போது நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குப் போய்விட்டது. மூன்றாம் வகுப்பின் எண் ஏறியதால் அவர்களுடைய நிலை ஏறிவிடாது. உயர்ந்துவிட்ட 23.4 விழுக்காட்டிலும்கூட, நால்வரில் மூவருக்கு இன்னும் அந்தப் பாடத்தை வாசிக்க வரவில்லை என்பது பொதிந்திருக்கிறது.

அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே நல்ல சான்று உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தனர். 2021 டிசம்பரில், அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். மொழியைவிடக் கணக்கில் இழப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு, மாலை நேர வகுப்புகளான 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். இழப்பு ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது; மீட்சியும் அவர்களிடமே வேகமாக நடந்தது. உரிய உதவி கிடைத்தால் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு விரைவாக எழுகிறார்கள் என்பதை அறியும்போது எனக்கு மிகுந்த நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கு எல்லாப் பிள்ளைகளிடமும் சமமாகப் பரவியிருக்காது. அது சில பிள்ளைகளிடம் முழுமையாகத் தேங்கி நிற்கக்கூடும், அவர்கள் யார் என்பதைச் சராசரி சொல்லாது.

கேள்வி: தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். வருகை, மதிப்பீடு, நலத்திட்டம் என்று நாள் தவறாமல் ஏதேனும் ஒன்றைப் பதிவேற்றிக்கொண்டே இருக்கிறோம். இணைப்பு கிடைக்காமல் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு பள்ளி வளாகத்தில் அலைய வேண்டியிருக்கிறது. தரவு வேண்டும் என்று எழுதும் நீங்கள், எங்கள் கற்பிக்கும் நேரத்தைப் பற்றியும் எழுத வேண்டாமா?
— ஓர் ஆசிரியை, குறிஞ்சிப்பாடி ஒன்றியம்

பதில்: கட்டாயம் எழுத வேண்டும். பதிவேற்றும் நேரம் கற்பிக்கும் நேரத்திலிருந்துதான் பிடுங்கப்படுகிறது; அந்த இழப்பையும் கற்றல் இழப்பாகவே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு விவரத்தைக் கேட்கும் அதிகாரி, அதை வைத்து எந்த முடிவை எந்தத் தேதிக்குள் எடுக்கப் போகிறார் என்பதைச் சொல்ல முடியாவிட்டால், அந்த விவரத்தைக் கேட்காமல் விடுவதே முறை.

ஆயினும் மேலே அனுப்புவதற்கான பதிவு வேறு, உங்கள் மேசையில் இருக்க வேண்டிய பதிவு வேறு. 2022 ஜூனில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஒரு முறை அரும்பில் உட்கார்ந்த பிள்ளை ஆண்டு முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அதன் நோக்கமே கெட்டுவிடும். யார் எப்போது நகர வேண்டும் என்பதைச் சொல்வது, நீங்கள் உங்கள் குறிப்பேட்டில் கைப்பட எழுதும் இரண்டு வரிதான்.

ஒரே ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறாள், இன்னொருவன் 59 என்கிறான், மூன்றாமவள் 26 என்கிறாள். விடைத்தாளில் மூன்றுக்கும் ஒரே சிவப்புக் குறிதான் விழும். பதிவேட்டில் மூவருக்கும் ஒரே பூச்சியம்தான் ஏறும். ஆனால் 35 எழுதியவள் கடன் வாங்கத் தெரியாமல் பெரிய இலக்கமான 7இலிருந்து சிறிய இலக்கமான 2ஐக் கழித்திருக்கிறாள். அவளுக்குப் பத்துகளையும் ஒன்றுகளையும் குச்சிக் கட்டுகளாக வைத்து, இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 59 எழுதியவன் கூட்டியிருக்கிறான். அவனுக்குக் கூட்டல் சரியாகவே வருகிறது, குறியைக் கவனிக்கப் பழக்கினால் போதும். 26 எழுதியவளுக்கு முறை தெரியும், எண்ணும்போது ஒன்று பிசகியிருக்கிறது. தவறான விடையை அப்படியே பெயருக்கு நேரே எழுதி வைத்தால், மறுநாள் யாரை யாரோடு உட்கார வைப்பது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். இதற்கு இணைப்பும் வேண்டாம், செயலியும் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டு எண்களை வைத்துப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் தரவரிசைப்படுத்தத் தொடங்கினால், எண்கள் தாமாகவே வீங்கிவிடும். பள்ளியே நடத்தித் திருத்திக்கொள்ளும் தேர்வின் மதிப்பெண்கள், வெளியார் மீண்டும் சோதிக்கும்போது கிடைப்பதைவிடக் கூடுதலாக இருந்ததை இந்தியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை ஆசிரியரின் நேர்மைக் குறைவு என்று முடித்துவிடுவது தவறு. உண்மையைச் சொன்னால் விளக்கக் குறிப்பாணை வரும் என்னும் நிலையில் யாருடைய பேனாவும் தயங்கும். 'என் வகுப்பில் எட்டுப் பேருக்கு எழுத்து தெரியவில்லை' என்று எழுதும் ஆசிரியருக்கு, கூடுதல் கற்றல் பொருளும் உதவிக்கு ஓர் ஆளும் வந்து சேர வேண்டும். அப்போது உண்மையான எண் தானாக வரும்.

கேள்வி: 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்தேன். இப்போதும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லித் தருகிறேன். மூன்றாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒன்றாக உட்காருகிறார்கள். முந்திரி பொறுக்கும் பருவம் வந்துவிட்டால் பாதிப் பேர் வருவதில்லை. எப்படிச் சமாளிப்பது?
— ஓர் இளம்பெண், பண்ருட்டி அருகே

பதில்: தங்கையே, வகுப்பை மறந்துவிட்டு, வாசிக்கும் நிலையை வைத்துக் குழு பிரியுங்கள். சொல் மட்டும் வாசிக்கும் ஆறாம் வகுப்புப் பையனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவன் கூச்சப்பட்டு நின்றுவிடுவான். அவன் கையில் அவன் வயதுக்கேற்ற பொருளுடைய எளிய பத்தியைக் கொடுங்கள். ஊர்ச் சந்தை, பலாப்பழ மண்டி, கிரிக்கெட் என்று எதைப் பற்றியும் இருக்கலாம். அவன் சொல்லச் சொல்ல நீங்களே எழுதித் தந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை எல்லாரையும் மறுபடி வாசிக்கக் கேட்டுக் குழுவை மாற்றுங்கள்.

வருகையைப் பொறுத்தவரை, யார் வரவில்லை என்பதோடு எந்த வாரம், எதனால் வரவில்லை என்பதையும் குறித்து வையுங்கள். நம் மாவட்டத்தில் பள்ளி நின்றுபோவது 2020இல் மட்டும் நடந்ததன்று. மழைக்காலந்தோறும் சில நாள்கள் போகின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை கரை மீறியபோது பல குடும்பங்கள் வீட்டையே விட்டு வெளியேறின. பங்குனி, சித்திரையில் முந்திரிக் காட்டுக்குப் போகும் பிள்ளைகள் யார் யார் என்பது சென்ற ஆண்டுக் குறிப்பிலிருந்து முன்கூட்டியே தெரிந்தால், மாசி மாதத்திலேயே அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். காட்டிலிருந்து திரும்பிய வாரத்தில், விட்ட இடத்தைச் சரியாகப் பிடிக்கவும் செய்யலாம்.

கேள்வி: பிள்ளையின் படிப்பை மேம்படுத்தித் தருவதாகச் சொல்லும் ஒரு செயலி, பெயர், பிறந்த தேதி, புகைப்படம், ஆதார் எண் எல்லாம் கேட்கிறது. கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வாசிக்கக் கற்றுத் தர ஆதார் எண் தேவைப்படாது, கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்று வரையறுத்து, அவர்களுடைய தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. கூட்டத்தில் கற்றல் அடைவு என்று ஏதேதோ அட்டவணை காட்டுகிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?
— ஒரு மீனவப் பெண், கிள்ளை, சிதம்பரம் வட்டம்

பதில்: அம்மா, அட்டவணை புரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம், புரியும்படி சொல்ல வேண்டியது காட்டுகிறவரின் கடமை. ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பத்தியை வாசிக்க வரவில்லை என்று கேளுங்கள். சென்ற கூட்டத்தில் அந்த எண்ணிக்கை என்னவாக இருந்தது என்று கேளுங்கள். அவர்களுக்கென்று தனியாக எந்த நேரத்தில், யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயர்களைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லாதீர்கள். அது அவர்களை ஊரில் தலைகுனிய வைக்கும். எண்ணிக்கை போதும். வந்த விடையைத் தீர்மானப் பதிவேட்டில் தேதியுடன் எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், கோடை விடுமுறைக்கு வாசிப்பு முகாம் எதையேனும் திட்டமிட்டால் அந்த நாள்களில் வைக்கச் சொல்லுங்கள். அப்போது தந்தையரும் ஊரில் இருப்பார்கள், பிள்ளை வாசிப்பதை நேரில் கேட்கலாம்.